கரண்டிமூக்கு உள்ளானின் கால் நிறம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஆறு நாளாக மௌன விரதம் இருந்த நம் வீட்டு அழைப்பு மணி இன்று காலை ஒன்பதரை மணிக்கு விரதத்தை முடித்துக்கொண்டு அடிக்கத் தொடங்கிவிட்டது. எலக்ட்ரீஷியன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே ஒரு சாண் மஞ்சள் ஒயரையே காணோம், எலி தின்னிருக்கும் என்றார். ஒயரைத் தின்னுட்டு மூடியைத் திரும்பத் திருகி வச்சுட்டுப் போற எலி எந்த ஊர் எலின்னு அம்மா கேட்டாள். அவர் கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்பு மகளுக்கு, அப்பா அம்மாவின் ஆசிகள். நாங்கள் இங்கே ஒரு கை குறைய நலம், நீ அங்கே இரண்டு கையோடும் நலமாக இருக்க வேண்டும். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருப்பதைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாய், அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது உன் தம்பி வாலு. அக்கா, பதறாதே. போனில் சொன்னால் பயந்துவிடுவாய் என்று அம்மா தடை போட்டதால் கடிதத்தில் சொல்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை அப்பா கழிமுகக் கரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. விழுந்த சத்தம் இன்னும் என் காதிலேயே இருக்கிறது, காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரி. அப்பா ஒரு சத்தமும் போடவில்லை. அதுதான் எனக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி. கதவிடுக்கில் விரல் மாட்டினால் தெருவையே கூட்டுகிற மனிதர் வெள்ளையாகிப்போன முகத்தோடு சேற்றில் உட்கார்ந்திருந்தார். சாவிக்கடையை இப்போது அம்மாதான் திறக்கிறாள். நேற்று பதினொரு சாவி வெட்டினாளாம், ஒன்றுகூடத் திரும்பி வரவில்லையாம். அப்பா அதற்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் விழிக்கிறார். (இந்த வரியை எழுதாதே என்றார். எழுதிவிட்டேன்.)

இனி அப்பாவின் வார்த்தை. உன் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே துறைமுகக் கல் மேல் தினமும் ஒரு வெள்ளைப் பறவை நிற்கிறது, கொக்குதானே என்று கேட்டிருந்தாய். கொக்கு என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா, எந்தக் கொக்கு என்று கேட்கிறார். அலகும் காலும் கருப்பாக இருந்து பாதம் மட்டும் மஞ்சள் செருப்பு போட்டாற்போல் இருந்தால் அது சின்ன வெள்ளைக் கொக்கு. அலகு தடித்து, அழுக்கு மஞ்சளாக, கால் பச்சையும் பழுப்புமாக இருந்து, அலையோரம் இறக்கையை விரித்துக்கொண்டு இங்கும் அங்கும் ஓடினால் அது கரைக்கொக்கு. வெள்ளையாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது, கரைக்கொக்கில் சாம்பலும் உண்டு வெள்ளையும் உண்டு. சேற்றில் நிற்கும்போது பார்த்தால் பாதம் தெரியாது, பறந்து எழும்போது பார். பவளக்காலியும் பச்சைக்காலியும் தூரத்தில் ஒரே சாயல்தான், காலைப் பார்த்தால்தான் ஒன்று சிவப்பு ஒன்று பச்சை. காலைப் பார்க்காமல் பேர் வைக்காதே, இது அப்பாவின் கட்டளை. நம் குடும்பத்தில் முகம் பார்த்துப் பேசுகிற வழக்கமே கிடையாது, எல்லாம் கால்தான்.

இப்போது முக்கியச் செய்தி. போனில் பாதிதான் கேட்டாய், அதற்குள் மீட்டிங் என்று வைத்துவிட்டாய். ஞாயிறு காலை தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. சேற்றுத்திட்டில் சின்ன உள்ளான்கள் ஒரு நூறு மேய்ந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரே பழுப்பு, தையல் மெஷின் ஊசி மாதிரி மூக்கால் குத்திக்கொண்டே இருக்கும். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் ஒன்று மட்டும் அசையாமல் நின்றது. முதலில் பார்த்து அப்பாவுக்குக் காட்டியவன் யார்? அடியேன். நீ முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய தொலைநோக்கியில் அப்பா கண்ணை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, டேய், மூக்கு நுனியப் பாருடா, கரண்டிடா, கரண்டிமூக்குடான்னு சொன்னபோது அவர் குரல் அவர் குரலாகவே இல்லை. உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம் இருக்கிற பறவை, அக்கா. நம் கழிமுகத்தில், நம் வீட்டுத் தொலைநோக்கியில்.

ஆனால் உடனே நோட்டில் எழுதவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். எட்டு வருஷம் முன்னால் அப்பா ஓர் அபூர்வக் கடற்பறவையை, வெள்ளை ஆலாவைப் பார்த்ததாகச் சொல்லி, பறவைக் கணக்கெடுப்புக் குழு மொத்தமும் வந்து பார்த்து, அது முள்ளில் மாட்டிய பிளாஸ்டிக் பை என்று ஆனதே. அதன்பிறகு இரண்டு வருஷம் அவரைப் பை என்றுதான் கூப்பிட்டார்கள். கடைக்குச் சாவி வெட்ட வந்தவர்கள்கூட, பை அண்ணே, பை போட்டுக் குடுங்கன்னு சிரித்தார்கள். அன்றிலிருந்து சந்தேகம் இருந்தால் எழுதுவதில்லை. இந்த முறை அவருக்கு ஒரே ஒரு சந்தேகம், கால் மஞ்சளாகத் தெரிகிறதே என்று. கரண்டிமூக்கனுக்குக் கால் கருப்பாக இருக்க வேண்டும். வெயில் பட்டு அப்படித் தெரிகிறதோ, கிட்டப் போய்ப் பார்த்துடலாம்னு பாசி பிடித்த படியில் இறங்கினார். மூன்றாவது படியில் விழுந்தார்.

அவரைத் தூக்கி உட்காரவைப்பதற்குள் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. கை ஒரு பக்கமாகத் தொங்குகிறது, அவர் கேட்ட முதல் கேள்வி, டேய், கால் என்ன நிறம்னு பாத்தியாடா? நான் பார்த்தேன் என்றேன். கருப்புதாம்பா என்றேன். அந்த வலியிலும் சிரித்தார். என் நோட்டில் எழுதவைத்தார், கரண்டிமூக்கு உள்ளான் ஒன்று, கால் கருப்பு, கண்டவர் இருவர். எண்ணும்போது ஒருவர் சொல்வதும் ஒருவர் எழுதித் திருப்பிப் படிப்பதும்தானே நம் முறை, அப்படியே மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டவரிடமும் சொன்னார். இந்த வீட்டில் அந்தக் காலை ஒழுங்காகப் பார்த்தவன் நான் ஒருவனே என்பதை இங்கே பணிவோடு பதிவு செய்கிறேன்.

குழுத்தலைவராக இருக்கும் பல் டாக்டர் வரும் ஞாயிறு வருகிறார். கூடவே வெளியூரிலிருந்து பன்னிரண்டு பேர். இரண்டாவது சாட்சியாக நான் கையெழுத்துப் போட ஒரு படிவமும் வருகிறது. பறவை இருக்கும்போதே நீ லீவு போட்டு வந்துவிட வேண்டும், உன் தொலைநோக்கியில் நீயும் பார்க்க வேண்டும் என்கிறார் அப்பா. மூன்று வருஷமாக வா வா என்று அம்மா கூப்பிட்டு வராதவள் ஒரு குருவிக்காக வரப்போகிறாளா என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே உன் அறைப் போர்வையைத் துவைத்துப் போட்டிருக்கிறாள். குளிரில் காதை மூடிக்கொள். வேளைக்குச் சாப்பிடு. டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல். மறக்காமல் அந்தக் கல்மேல் நிற்பதன் பாதத்தைப் பார்த்து எழுது. நீண்ட ஆயுளோடு நிறைந்த மனத்தோடு இரு.

சொன்னது அப்பா. எழுதியது வாலு. அப்பா இடது கையால் போட்ட கையெழுத்து கீழே, பூரான் என்று நினைத்துவிடாதே.

அக்கா, அப்பா முகம் கழுவப் போயிருக்கிறார். இனிமேல் எழுதுவது நான் மட்டும். உள்ளான் உள்ளான் என்று வீடே கொண்டாடுகிறது, அவன் எங்குமே இல்லை. கரையில் ஒதுங்கிய வலைமிதவைத் தக்கையைச் செதுக்கி, பழுப்புப் பெயின்ட் அடித்து, ஐஸ்கிரீம் மரக்கரண்டியைச் சீவி மூக்கு வைத்து, விடியலில் போய் நட்டுவிட்டு வந்தது நான்தான். அப்பா ஒரு நிமிஷம் ஏமாறுவார், அப்புறம் துரத்துவார், நான் ஓடுவேன், அவ்வளவுதான் திட்டம். தண்ணீர் ஏறி அதை அடித்துக்கொண்டு போய்விட்டது, யாருக்கும் தெரியாது. பறவை நிபுணன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறேனே, புத்தகத்தில் பக்கத்துப் படத்தில் இருந்த வேறு உள்ளானின் காலைப் பார்த்துத்தான் மஞ்சள் கால் வைத்தேன். மணிக்குள் இருந்த ஒயர் அது. கருப்பு ஒயரும் அங்கேயேதான் இருந்தது. அதை எடுத்திருந்தால் அப்பா கரையிலேயே நின்றிருப்பார். எனக்குத் தெரியாததை அவர் சரியாகப் பார்த்தார், சரியாகச் சந்தேகப்பட்டார், அதனால்தான் விழுந்தார். அவர் பை இல்லை, அக்கா. நான்தான்.

டேய், முடிச்சிட்டியா, எழுதினதப் படின்னு கூப்பிடுகிறார். திருப்பிப் படிக்காமல் நம் வீட்டிலிருந்து எதுவும் போவதில்லையே. அழைப்பு மணியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அப்பா காது கேட்க, கடைசியில் இருக்கிற மஞ்சள் ஒயர் வரைக்கும் படித்துவிடுவேன்.