முன்னிருக்கையின் எடை

மே 4, ஞாயிறு

எடியாகிய நான் இன்றிலிருந்து எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடி எழுதுவேன். அழகுக்காக ஒரு வார்த்தைகூடச் சேர்க்க மாட்டேன்.

அம்மா ஹோபார்ட் நகரத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போய் ஏழு வாரம் ஆகிறது. "கொஞ்ச நாளைக்கு" என்றுதான் சொன்னாள். அப்பா தினமும் போன் செய்து "எப்ப வர்ற?" என்று கேட்கிறார்.

இன்று அப்பாவும் நானும் படகில் போகும்போது சிப்பிப் பண்ணை நோரீன் தன் படகிலிருந்து கத்தினாள்: "என்ன ராஸ், உன் படகு மோப்பம் பிடிக்கிற நாய் மாதிரி மூக்கத் தூக்கிட்டுப் போகுது? மோட்டார், பெட்ரோல் டேங்க், ரெண்டு பேட்டரி, அதோட நீ! எல்லாம் பின்னாடியே குந்தியிருந்தா? பேட்டரிய முன்னாடி கொண்டு போய்யா!"

"அது பாட்டுக்கு ஓடுது. நீ உன் சிப்பியப் பாரு" என்றார் அப்பா.

மே 7, புதன்

பயந்துவிட்டேன். காலையில் எதிர்க்கரைப் பள்ளிக்குப் படகில் போகையில், கரை நெருங்கியதும் அப்பா வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த அலை மோட்டார்ப் பக்கமாக ஏறி உள்ளே விழுந்தது. கணுக்கால்வரை தண்ணீர். நூலகப் புத்தகம் ஊறிப்போனது.

"பேட்டரிய மாத்திடலாம்பா."

"வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம், எடி."

ஏன் வேண்டாம்? சோம்பலா? ஆனால் கடலுக்குப் போய் வந்ததும் மோட்டாரை நல்ல தண்ணீரில் கழுவாமல் சாப்பிடக்கூட உட்காராதவர் அவர்.

மே 8, வியாழன்

நூலகப் புத்தகத்தை ஹீட்டர் பக்கத்தில் காயவைத்தேன். அப்பா வந்து ஒட்டிய பக்கங்களைப் பிரித்துவிட்டுப் போனார்.

மே 10, சனி

அறிவியல் புத்தகத்தில் சீசா பலகைக் கணக்கு இருக்கிறது: எடையைத் தூரத்தால் பெருக்க வேண்டும். டேப் எடுத்துப் போய்ப் படகை அளந்தேன். இரண்டு பேட்டரிகளையும் மூக்குப் பக்கம் நகர்த்தினால் எவ்வளவு ஈடாகும் என்று போட்டுப் பார்த்தேன். முன்னிருக்கையில் ஓர் ஆள் உட்கார்ந்தது போல் வந்தது.

முன்னிருக்கை அம்மாவுடையது. எங்களுக்கு முதுகைக் காட்டி, காலை நீட்டி உட்காருவாள்.

படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓர் ஆள் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்பாவுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்கும். நான் போய் சோம்பேறின்னு நெனச்சேனே!

மே 11, ஞாயிறு

அன்னையர் தினம். அம்மாவுடன் போனில் பேசினேன். "இந்த மாசம் வர முடியாதுடா கண்ணு" என்றாள்.

அப்பா படகுத்துறையில் நின்றிருந்தார். போய்ச் சொன்னேன். "பேட்டரிய இப்ப முன்னாடி மாத்திடலாம். அம்மா வந்தா திரும்பப் பின்னாடியே வச்சிடலாம்பா. நாலு போல்ட்டுதானே."

"வரலன்னா?"

"வரலன்னாலும் நாம முழுகக் கூடாதுல்ல?"

அப்பா ஸ்பேனர் எடுத்து வரச் சொன்னார்.

மே 17, சனி

பேட்டரிகளை முன்னிருக்கைக்கு அடியில் வைத்து பெல்ட் போட்டு இறுக்கினோம். பழைய வயரையே ஒட்டுப்போட்டு நீட்டினார் அப்பா. சாவியைத் திருப்பினால் மோட்டார் முனகிவிட்டு நின்றது. அப்பா ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். உண்மைக்காக அதை எழுத வேண்டும், எழுதவில்லை.

படகுக்கு வயரிங் செய்தது அம்மா. அவள் எலக்ட்ரீஷியன். வேறு வழியில்லாமல் அவளிடமே போனில் கேட்டார் அப்பா, ஸ்பீக்கரில்.

"பேட்டரிய மாத்திட்டேன். பழைய வயரையே நீட்டினேன். மோட்டார் ஸ்டார்ட் ஆகல."

"எங்க மாத்தின?"

"முன்னாடி. உன் சீட்டுக்கு அடியில."

போனில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"பழைய வயரா? அறிவிருக்கா ராஸ்? தூரம் கூடினா கேபிள் தடிமனா வேணும். ஒட்டெல்லாம் கூடாது, ஒரே நீளமா வாங்கு" என்றாள். பிறகு மெதுவாக, "மாத்தினது நல்லதுதான்."

அப்பா கேபிள் அளவைக் கையிலேயே எழுதிக்கொண்டார். எப்ப வர்ற என்று கேட்கவில்லை.

மே 24, சனி

புதுக் கேபிள். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. படகு மட்டமாக ஓடியது. பின்னாலிருந்தே எதிர்க்கரை தெரிந்தது. நோரீன் கை தட்டினாள். "நாய் மோப்பத்த விட்டுடுச்சு!" அப்பா சிரித்தார், நிஜமாகவே.

சாயங்காலம் அம்மாவே கூப்பிட்டாள். ஹோபார்ட்டிலேயே வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறாளாம், எனக்கும் ஓர் அறை இருக்கிறதாம். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "குளிர்காலம் வருதே, ஹீட்டர் வேலை செய்யுதா அங்க?" என்று கேட்டார். "வெள்ளிக்கிழமை எடிய நான் கொண்டு வந்து விடறேன்."

பையில் புத்தகங்களை அடுக்கிவிட்டேன், வெள்ளிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தாலும். அப்பா விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார்: சமையலறை, கூடம், கடைசியாகப் படகுத்துறை.