இலைக்குள் ஒளிந்திருப்பதாகச் சொன்னேன்

22 மே 1951, செவ்வாய்

பச்சோந்தி இன்று மத்தியானம் செத்துவிட்டது. என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

துறைமுகத்தில் மூட்டை சரிந்து இடுப்பு ஒடிந்து படுக்கையில் விழுந்ததிலிருந்து அவர் எதையும் கேட்டதில்லை. போன வாரம் விறகுக் கட்டோடு அது வந்தபோதுதான், "ஏம்மே, கொன்னுடாதே, கூண்டு கட்டி வை" என்றார். பாத்திரம் வைக்கும் வலை அலமாரியைக் காலி செய்து, முருங்கைக் கிளை செருகி, கட்டிலுக்கு எதிரே வைத்தேன். வாசலில் காயும் கருவாட்டில் மொய்த்த ஈக்களைப் பிடித்து உள்ளே விட்டேன். அது நாக்கை நீட்டும்போதெல்லாம் அவர் சிரித்தார். கஞ்சியும் குடித்தார்.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தேன். அது தொடவேயில்லை. கண் இரண்டும் குழி விழுந்துவிட்டன. இன்று காலை விறகுக்கடை புஷ்பம் பார்த்துவிட்டு, "ஐயோ, அது கிண்ணத்துல குடிக்காதுக்கா. எல மேல தெளிச்சாதான் நக்கும்" என்றாள். உடனே தெளித்தேன். வாயைத் திறந்தது, விழுங்கவில்லை.

அவர் தூங்கும்போது எடுத்துப்போய் வேலியோரம் புதைத்தேன். விழித்ததும், "எங்கமே அது?" என்றார்.

"எல சந்துல கீது. நல்லா பாருய்யா."

வெகுநேரம் தேடினார். "கெட்டிக்காரன், கலரை மாத்திகினு ஒளிஞ்சிகினு கீறான்" என்று சொல்லி, தானே கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

விளக்கை அணைக்கக் கூடாதாம். அது அசைந்தால் தெரியுமாம். அந்த வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். அவர் இன்னும் அலமாரியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.