பத்து மணிக்குப் பீலிக்கரையில் யார் நிற்பார்கள்?

நேற்று அட்டனில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் நின்றேன். உன் கருமாதி அழைப்பைப் பிரதி எடுக்கும் வேலையை உன் மனைவி என்னிடம் ஒப்படைத்திருந்தார். இயந்திரத்திலிருந்து சூடாக வந்த முதல் தாளை மூக்கருகே கொண்டுபோனேன். கடைக்காரப் பெண் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தாள். அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தச் சூட்டுத் தாளின் மணம் எனக்குத் தலவாக்கலையில் இருந்த உன் கடை, மச்சான்.

தொண்ணூறுகளில் நீ அந்தக் கடையைத் திறந்தபோது இரண்டு பலகைக் கூண்டுகளும் இரண்டு தொலைபேசிகளும் மட்டும்தான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் சனம் வந்து, கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளோடு பேசும். பலகைக் கூண்டு என்பதால் உள்ளே பேசுவது எல்லாருக்கும் கேட்கும். யாராவது அழத் தொடங்கினால் நீ ரேடியோவைச் சத்தமாக வைப்பாய். வெளியே காத்திருப்பவர்கள் எரிச்சலில் கத்துவார்கள். "பாட்டு நல்லா இருக்கு, கேளுங்க" என்பாய். நான் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பியதும் பிறகு போட்டோக்கொப்பி இயந்திரத்தோடு நீ வாங்கிய பக்ஸ் இயந்திரத்தில்தான். தோட்டத்துச் சனங்களுக்கு நீ மேலிடத்துக்கு முறைப்பாட்டுப் பெட்டிசம் எழுதிக் கொடுத்ததும் அதே மேசையில்தான்.

பிறகு இன்டர்நெட் வந்தது. 2000களின் கடைசியில் உன் கடையில் நான்கு கணினிகள். எனக்கு பேஸ்புக் கணக்குத் திறந்து கொடுத்தவன் நீ. "இனி உன் செய்தியப் படிச்சிட்டு ஆளுக மூஞ்சிக்கு நேரா திட்டுவாங்க ரிப்போட்டரே, தயாரா இரு" என்று சிரித்தாய்.

நான் தயாராக இல்லை. ஒரு தோட்டத்தில் மேட்டு லயத்து வீடுகள் குடம் பிடிக்கும் பீலிக்கு வந்த தண்ணீரைப் புது விருந்தினர் பங்களாவுக்குத் திருப்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தேன். விஷயத்தைச் சொன்னது பாக்கியம், அங்கே கொழுந்து பறிப்பவர். பேர் போட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பேர் தெரிந்தால் வேலையும் குடியிருக்கும் லயக் காம்பராவும் போகும். அந்தச் செய்தியை பேஸ்புக்கில் போட்ட மறுநாளே 'தோட்டத்து மகன்' என்ற பெயரில் ஒருவன் வந்தான். டவுனில் உட்கார்ந்து கதை கட்டுகிறேனாம். அப்படி ஒரு பெண்ணே இல்லையாம்; இருந்தால் பெயரைப் போடட்டுமாம். நான் தண்ணீர்க் குழாயின் படத்தைப் போட்டேன். அவன் படத்தைப் பற்றிப் பேசவில்லை. நான் எவ்வளவு வாங்கினேன் என்று கேட்டான். அதற்குப் பதில் எழுதினேன். அவன் என் ஊரைக் கேட்டான். இதற்கிடையில் 'நடுநிலையாளன்' என்று இன்னொருவன்: "அண்ணன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஒரு பெயரைச் சொன்னால் எல்லார் வாயையும் அடைத்துவிடலாமே."

அவன் என் பக்கம் என்று நம்பினேன். இருபது வருடமாகச் செய்தியாளன் என்று சொல்லிக்கொண்டவன் நான்.

நீ என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாய்.

"ஒருத்தன் அடிக்கிறான், ஒருத்தன் தடவிக் குடுக்குறான். ரெண்டு பேருக்கும் வேணுங்கிறது ஒண்ணுதான், கவனிச்சியா?"

"பதில் சொல்லாட்டி நான் பொய்யன்னு ஆயிடும் மச்சான்."

"கேள்வி கேட்டவன் பதிலுக்குக் காத்திருக்கானான்னு பாரு. இவன் காத்திருக்கவே இல்லியே."

பிறகு நீ திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாய். 'தோட்டத்து மகன்' எழுதியிருந்தான்: நான் மேட்டு லயத்திலேயே பிறந்தவன், இன்று காலை பத்து மணிக்குப் பீலிக்கரையில் நின்றேன், தண்ணீர் தாராளமாகக் கொட்டுகிறது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "பத்து மணிக்கு எவன்டா பீலிக்கரையில நிக்கிறது? காலையில பேர் பதியிற பெரட்டுக்கு முன்ன, இருட்டோட குடத்தத் தூக்கிட்டு நிக்கணும். பத்து மணிக்கு லயமே காலி, எல்லாரும் மலையில. தண்ணி கொட்டினா யாருக்கு, கொட்டாட்டி யாருக்கு?"

எனக்கு உற்சாகம் பொங்கியது. இதை எழுதி அவன் மூக்கை உடைக்கிறேன் என்றேன். நீ வேண்டாம் என்றாய். "எழுது, நாளைக்கு அவன் அஞ்சு மணின்னு போடுவான். அவனுக்கு லயத்தப் பத்தி நீயே பாடம் எடுக்கப் போறியா?" சொல்லிவிட்டு கூண்டில் யாரோ கூப்பிட, போனாய்.

நீ திரும்பி வருவதற்குள் நான் எழுதி அனுப்பிவிட்டேன். பெயர் போடவில்லை. கால் உடைந்த கணவனையும் பார்த்துக்கொண்டு இருட்டில் தண்ணீர் தூக்கும் பெண் பொய் சொல்ல மாட்டாள் என்று மட்டும் எழுதினேன். வாக்கைக் காப்பாற்றிய திருப்தியோடு உன்னிடம் காட்டினேன்.

நீ சிரிக்கவில்லை. "இதுக்குப் பேரயே போட்டிருக்கலாம். அந்த லயத்துல எத்தனை பேருக்குக் கால் உடைஞ்சிருக்கு?" என்றாய்.

அழித்தோம். இருபது நிமிடம் அது திரையில் கிடந்திருக்கும். இரண்டு கணக்குகளும் அதன்பின் ஒரு வார்த்தை எழுதவில்லை. வாரக்கணக்கில் வாயாடியவர்கள் ஒரேயடியாக அடங்கியதுதான், வேண்டியது கிடைத்துவிட்டதோ என்று எனக்குப் பயம். நீ கடையை அப்படியே பூட்டினாய். பாக்கியத்தின் தோட்டத்துக்குப் போகும் அடுத்த பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறினோம். வழி முழுக்க நீ என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பாக்கியம் நாம் சொன்னதைக் கேட்டுவிட்டு, குடத்தை இறக்கி வைத்து, "சரி, நான் பாத்துக்கிறேன், நீங்க கெளம்புங்க. இங்க நிக்கிறதப் பாத்தாத்தான் வம்பு" என்றார்.

மறுநாள் மலையில் நடந்ததைப் பிறகு அவரே சொல்லித்தான் கேட்டோம். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை பெண்களின் நிரைக்கு நடுவே நின்று, யார் வீட்டுக்காரனுக்குக் கால் சரியில்லை என்று கேட்டாராம். கொழுந்திலிருந்து ஒருவரும் தலை தூக்கவில்லை. குனிந்தபடியே ஒரு பெண்: "எங்க வீட்டுக்காரருக்கும்தாங்க சரியில்ல. கள்ளுத் தவறணைக்குப் போறப்ப மட்டும் நல்லா நடக்குது." அடுத்தவள்: "எங்காளுக்கு ரெண்டு காலும் இல்லைங்கய்யா, பெரட்டு மணி அடிச்சா எந்திரிக்கவே மாட்டேங்குறார்." நிரை முழுக்கச் சிரிப்பு. கைகள் மட்டும் நிற்கவில்லை. அவர் மூன்று தரம் கேட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். பாக்கியத்தின் வேலையும் காம்பராவும் தப்பின. தண்ணீர் சில மாதம் கழித்துப் பாதி நேரம் வந்தது.

போன வாரம் நீ போனாய். உன் செத்த வீட்டில் தோட்டத்து ஆட்கள் வந்து ஒவ்வொருவராக என் காதருகே குனிந்தார்கள். "எனக்கும் ஒரு பெட்டிசம் எழுதிக் குடுத்தாருங்க, யாருக்கும் தெரியாது." யாருக்கு எதிராக, எதற்காக என்றும் சொன்னார்கள். இத்தனை வருடத்தில் ஒரு பெயரைக்கூட நீ என்னிடம் சொன்னதில்லை.

நேற்று பேஸ்புக்கில் தலவாக்கலைக்காரர்களின் குழு ஒன்றில் உன் படத்துக்குக் கீழே முகமில்லாத ஒருவன் எழுதியிருந்தான்: பெட்டிசம் எழுதுகிறேன் என்று சனங்களை ஏமாற்றியவன் நீ, இல்லையென்றால் யாருக்கு என்ன எழுதிக் கொடுத்தாய் என்று நண்பர்கள் சொல்லட்டும். பின்னாலேயே இன்னொருவன், மிகவும் பணிவாக: ஒருவர் பெயரையாவது சொன்னால் அவர் ஆத்மா சாந்தியடையுமே.

உன் மனைவி போனில் கேட்டார்: "பாத்தீங்களாண்ணே?"

"பார்த்தேன்."

"ஒண்ணும் எழுதிடாதீங்க."

எழுதவில்லை. நீ நல்லவன் என்று நிரூபிக்க எனக்கு இப்போது பதினைந்து பெயர்கள் தெரியும். நீ வைத்திருந்தது போல இனி அவை என்னோடு இருக்கும். அந்தப் பதினைந்து பேரும் இன்னும் அந்தந்த லயத்தில்தான் இருக்கிறார்கள். ஆகவே உன் படத்துக்குக் கீழே, அந்த ஒரு இடத்தில் மட்டும் நீ கெட்டவனாகவே இருந்துவிட்டுப் போ, மச்சான்.