நீ செய்ய மறுத்த சத்தியம்

மச்சி,

ரங்கநாதன் தெருவில் அக்கா மகளுக்குப் பள்ளிச் சீருடை வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் முழுக்கை வெள்ளைச் சட்டை ஒன்றைப் பிரித்துப் போட்டார். புதுத்துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியதும் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டு ஓரமாக நின்றுகொண்டேன். உன் ஞாபகம்தான்.

பன்னிரண்டாம் வகுப்பில் நான் கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போட்டு வருவேன். அப்பாவுக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் இருந்த வேலை போயிருந்தது. பகலிலேயே குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். நடுவில் போனால் எனக்கும் விழும். மாதிரித் தேர்வுகளில் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தேன். எதையும் யாரிடமும் சொல்லத் தெரியாமல், என் உடம்பை நானே காயப்படுத்திக்கொள்ளத் தொடங்கியிருந்தேன். அத்தனை பேர் இருந்த வகுப்பில் அதைக் கண்டுகொண்டவன் நீ ஒருவன்தான்.

பட்டினப்பாக்கம் கடற்கரையில் ஒரு சாயங்காலம். "சட்டைக் கைய மடிச்சு வுடு" என்றாய். நான் எழுந்து போகப் பார்த்தேன். இழுத்து உட்கார வைத்தாய். பார்த்துவிட்டு, மடித்த கையை நீயே இறக்கிவிட்டாய். அப்புறம் நேராகக் கேட்டாய்.

"செத்துடலாம்னு தோணுதா மச்சி?"

அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. "தோணுது" என்றேன். சொன்னதும் உடைந்து அழுதேன். பிறகு பயம் வந்தது.

"யார்கிட்டயும் சொல்லாத. சத்தியம் பண்ணு."

"பண்ண மாட்டேன். நீ என்கூடப் பேசாமப் போனாலும் பரவால்ல. எங்கம்மாகிட்ட சொல்லத்தான் போறேன்."

அன்றைக்கே சாந்தோமிலிருந்து உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாய். "புள்ளைய டாக்டர்கிட்ட காட்டணும்ங்க, நானும் கூட வரேன்" என்றார் உன் அம்மா, என் அம்மாவிடம். "எம் புள்ளைக்கு இன்னா கொறச்சல்? பைத்தியம்ன்றியா?" என்று அப்பா கத்தினார். நான் உன்னைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளினேன். விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாய்.

மறுநாள் இரண்டு அம்மாக்களும் என்னை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். என் அம்மா அப்பாவை விட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். டாக்டரிடம் வாயைத் திறந்து பேச எனக்குப் பல வாரங்கள் பிடித்தன. உன்னோடு பேசவே இல்லை. ஆனாலும் நான் போகும் போதெல்லாம் மருத்துவமனை வாசலில் சைக்கிளோடு நிற்பாய். ஒரு நாள் நானாகவே பின்னால் ஏறி உட்கார்ந்தேன். "இன்னா வெயிட்டுடா நீ" என்றாய். அவ்வளவுதான்.

நாம் வேலைக்குச் சேர்ந்த வருடம் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஐசியூ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. ஒரு வாரம்கூட நீ தாங்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் உன் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது இருடா" என்றார்.

இருக்கிறேன். கெட்ட நாட்கள் இன்னும் வருகின்றன. வந்தால் மறைப்பதில்லை. மனைவியிடம் சொல்கிறேன், டாக்டரிடம் போகிறேன், சில சமயம் சாந்தோமுக்குப் போய் உன் அம்மா பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

இன்று காலை ஷேவ் செய்யும்போது காதோரம் ஒரு நரையைப் பார்த்தேன். நீ எட்டாத வயது. எனக்கு நீ வாங்கித் தந்த வயது. அந்த நரையைப் பிடுங்க மனம் வரவில்லை.