ஏறவும் இறங்கவும் ஒரு சைக்கிள்

9 ஜூலை 1957
இன்றும் பிந்திவிட்டேன். புக்கிட் பெருவாங் மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாதான் எல்லாம் பார்த்திருந்தார். பிறகு மருத்துவச்சி என்று நான் எதற்கு? ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ், பெரிய மிஸ்ஸி, நிமிராமலே சொன்னார்: "இன்னொரு தடவ பிந்தினா வேற ஆளப் போட்டுருவேன், ஜெயா."

11 ஜூலை
யூனுஸ் பாய் கடையில் இரண்டு சைக்கிள். ஒன்று என் பழையதைப் போலவே கனம். பெடலைப் பின்னால் அழுத்தினால் நிற்கும். மற்றது மூன்று கியர், கைப்பிரேக். "மேட்டுல உக்காந்தபடியே ஏறலாம், தங்கச்சி" என்றார் பாய். என் வீட்டுக்காரர் கனமானதையே தட்டித் தட்டிப் பார்த்தார்.

"மழையில கைப்பிரேக் வழுக்கும். கால் பிரேக்தான் கெட்டி."

"அதுல ஏற முடியலன்னுதானே வந்தோம்?"

"நீ ஏறுறத நெனைக்கிற. நான் நீ எறங்குறத நெனைக்கிறேன்."

வெறுங்கையோடு திரும்பினோம்.

12 ஜூலை
அவரோடு பேசவில்லை. குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். மறந்தேனா?

15 ஜூலை
கியர் சைக்கிளை வாங்கிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம்.

23 ஜூலை
மேட்டில் ஓரிடத்திலும் இறங்காமல் ஏறினேன். பிரசவம் என் கையில்தான். பெண் பிள்ளை. திரும்பும்போது வளைவில் குறுக்கே ஓர் ஆடு — கால் தானாகப் பின்னால் அழுத்தியது. பெடல் சும்மா சுற்றியது. இத்தனை வருஷப் பழக்கம். கையில் பிரேக் இருப்பதே நினைவில் இல்லை. நேரே சாலையோர லோங்காங் சாக்கடையில், சேற்றுத் தண்ணீரில். அவர் முழங்கைக்கு மருந்து போட்டார். திட்டவில்லை. அதுதான் அதிகம் எரிந்தது.

25 ஜூலை
பழையதற்கே போய்விடலாமா? அதில் ஏற முடியாது, இதில் இறங்கப் பயம். என்ன பொழப்பு இது. மேட்டில் சந்திரமதிக்கு மாதம் நெருங்குகிறது. முதல் பிள்ளை தங்கவில்லை அவளுக்கு. நான் பிந்தினால்?

4 ஆகஸ்ட்
விடிந்ததும் புக்கிட் சீனா சரிவில் ஏறி ஏறி இறங்கினேன். கால் இன்னும் பின்னால்தான் போகிறது. "கை, கை" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன். நடக்க வந்த சீனக் கிழவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

11 ஆகஸ்ட்
கை, கை. தூக்கத்திலும் சொல்கிறேனாம்.

29 ஆகஸ்ட்
நாளை மறுநாள் சுதந்திரம்; தெருவெங்கும் மெர்டேக்காக் கொடிகள். சந்திரமதிக்கு ஆண் பிள்ளை. வீறிட்டு அழுதான். நேரத்துக்குப் போய்விட்டேன்.

திரும்பும்போது நல்ல மழை. பிரேக் மெதுவாகத்தான் பிடித்தது, ஆனால் பிடித்தது. அடிவாரக் காப்பிக் கடை வாசலில் என் வீட்டுக்காரர் நனைந்து நின்றார். "எண்ணெய் வாங்க வந்தேன்" என்றார். கையில் புட்டி இல்லை.

பின்னால் ஏறச் சொன்னேன். யோசித்துவிட்டு ஏறினார். எங்கள் காஜா பெராங்குக்குத் திரும்பும் பாலத்துச் சரிவில், என் முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாக, "கை, கை" என்றார்.