ஆட்டுக்குப் போன முருங்கையிலை

1952 செப்டம்பர் 14, ஞாயிறு. கரமனை.

சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

ரேஷன் அரிசி பற்றாமல் மூன்று வேளையும் மரச்சீனிக் கிழங்கு தின்றோம். ஆனி மாதம் முதல் என் மனைவி செண்பகத்துக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியவில்லை. கதவில் முட்டினால், "கதவு உன்னை என்னட்டி செஞ்சுது?" என்று கேலி செய்வேன். ஒரு நாள் எரிகிற விளக்கின் முன் நின்று, "இன்னும் விளக்கு ஏத்தலியா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் மீனெண்ணெய் குடிக்கச் சொன்னார்.

"நாங்க சைவம்லா, டாக்டரே."

"அப்போ முருங்கையிலை தின்னுங்கோ. எண்ணெயும் தேங்காயும் சேர்த்து, தினமும்."

அது எங்கள் வேலியிலேயே நிற்கிறது! ஆனால் ஆடி மாதம் முருங்கையிலை விஷம் என்று இந்த ஊரில் யாரும் தொடமாட்டார்கள். செண்பகமும் தொடவில்லை. அடுத்த வீட்டு ஆடுதான் தின்று கொழுத்தது. ஆவணி பிறந்ததும் தினமும் அந்த இலையில் தேங்காய் துருவிப் போட்டுத் துவரன் வைத்தாள். "இனி நீயும் மேன்னு கத்துவே" என்றேன்.

இன்று அந்தியில், விளக்கு ஏற்றும் முன், அடுக்களையில் மீந்த துவரனை ஒரு வாய் போட்டுக்கொண்டு நைசாக வெளியே வந்தேன். நடையில் செண்பகம்.

"களவாண்டு தின்னியளா? மீசையில தேங்காப்பூ ஒட்டியிருக்கே!"

மீசையைத் தடவிப் பார்த்தேன்; இருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு வேலிக்குப் போய் அந்த மரத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெறும் இலை. அதற்குள் இத்தனை வெளிச்சத்தை யார் வைத்தது? வேலிக்கு அப்பால் ஆடு என்னையே பார்த்து நின்றது. ஆட்டுக்கு இது முன்பே தெரியும் போல.