குறுக்குக் கோடு வளைவதில்லை

தகனினி, ஓக்லாந்து
23 பெப்ரவரி 2025

அன்புள்ள ஆனந்தா,

நீ டனீடனுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. அந்தக் குளிர் உன் முழங்காலை என்ன பாடு படுத்துகிறதோ என்று ரதி நேற்றும் கேட்டாள். நாங்கள் சுகம். போனில் கேட்டால் பகிடி விட்டே முடித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

ஏப்ரலில் கலைமான் துணை தேடிக் கத்தும் காலம். நீ இல்லாததால் இம்முறை ரதியின் தம்பி வசீகரன் என்னோடு கைமனாவா மலைக்கு வருகிறான். அதற்குமுன் என் வேட்டைத் துவக்குக்குக் குறிபார்க்கப் புது ஸ்கோப் வேண்டும். மவுண்ட் வெல்லிங்டன் கடையில் இருபது வருடம் ஸ்கோப் விற்றவன் நீ. உன்னைக் கேளாமல் எப்படி வாங்குவது?

பழையது கெட்டுவிட்டது. உள்ளே குறிக்காக இருக்கும் குறுக்குக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் ஒரு புகை. நிமிர்ந்த கோடு நடுவில் வளைந்து தெரிகிறது. போன வருடம் தனியாகப் போனபோது எண்பது மீற்றரில் நின்ற கலைமானைத் தவறவிட்டேன். நான் தவறவிடுகிற தூரமா அது? கடைக்காரர் ஐம்பது மில்லிமீற்றர் கண்ணாடியும் நடுவில் எரியும் சிவப்புப் புள்ளியும் உள்ளதை எடுக்கச் சொல்கிறார். எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டினால் போதும்?

தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறேன் என்று ரதிக்கு என்மேல் கோபம். வயது போனால் கை நடுங்கத்தானே செய்யும்.

உன் தியாகு


டனீடன்
4 மார்ச் 2025

அன்பின் தியாகு,

கடிதம் கண்டு சந்தோஷம். முழங்கால் இருக்கிறது, நடக்கத்தான் மறுக்கிறது.

முதலில் நீ கேட்டது. நாம் போகிற காட்டில் நூறு மீற்றருக்கு மேல் வெளி ஏது? இரண்டு மடங்கிலிருந்து ஏழு மடங்கு வரை காட்டும் சின்ன ஸ்கோப் போதும். மடங்கு கூடினால் பார்க்கும் பரப்பு குறுகும். மானின் விலாவைக் காட்டும், அது மான்தானா என்று காட்டாது. ஐம்பது மில்லிமீற்றர் கண்ணாடி பாரம். உயர்த்திப் பூட்ட வேண்டும், கன்னம் துவக்கில் படியாது. உன் துவக்கு பலமாக உதைக்கும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நல்ல இடைவெளி விடுகிறதாகப் பார்.

இனி நீ கேளாதது. பனி பிடித்தது, உள்ளே உடைந்தது, குறி தப்பியது என்று எத்தனையோ ஸ்கோப் என் கைக்கு வந்திருக்கிறது. குறுக்குக் கோடு வளைந்த ஸ்கோப்பை நான் கண்டதில்லை. குளியலறைக்குப் போ. இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர் மாபிள்களுக்கு நடுவே ஓடும் கோட்டைப் பார். அதுவும் வளைந்தால் ஸ்கோப் வாங்காதே, அன்றைக்கே கண் டொக்டரிடம் போ. பிந்தாதே.

ஆனந்தராசா


தகனினி
13 மார்ச் 2025

ஆனந்தா,

ஸ்கோப்பைக் கேட்டேன், நீ என் கண்ணில் பிழை பிடிக்கிறாய். ஓம், குளியலறைக் கோடும் வளைகிறதுதான். இந்தப் புது வீடுகளை எப்படிக் கட்டுகிறார்கள் என்று உனக்குத் தெரியாதா? தினமும் மோட்டர்வேயில் வேலைக்கு ஓடுகிறேன், காரில் ஒரு கீறல் இல்லை.

சிவப்புப் புள்ளி ஸ்கோப்பை வாங்கிவிட்டேன். கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் புள்ளி பளிச்சென்று தெரிகிறது.

வருடத்தில் மலையில் நிற்கிற அந்த நாலு நாள்தான் நான் வேலைக்காரனாக இல்லாமல் இருக்கிற நாள். அதையும் பறிக்கப் பார்க்காதே.

தியாகு


டனீடன்
24 மார்ச் 2025

அன்பின் தியாகு,

மூன்று தரம் எடுத்தேன், நீ போனைத் தூக்கவில்லை. ரதியோடு கதைத்தேன். "அண்ணை, நான் சொன்னா இவர் எங்கை கேக்கிறார்? தம்பியும் சிரிக்கிறான், அத்தானுக்குக் கழுகுக் கண் எண்டு" என்று அழுதாள்.

ஓரமாகப் பார்த்தால் தெரிகிறது என்றாய். நேரே பார்த்தால் தெரியவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். சுடுகிறவன் நேரேதான் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் நாலாம் திகதிக்குள், டொக்டரிடம் போனேன் என்று ஒரு வரி எழுது. வராவிட்டால் துவக்கு லைசன்ஸ் கொடுக்கிறவர்களுக்கு நானே அறிவிப்பேன். உனக்குத் தெரியாமல் செய்ய மனம் வரவில்லை, அதனால் சொல்லிவிட்டேன். நீ சாகும்வரை என்னைத் திட்டினாலும் தாங்குவேன். மான் என்று நினைத்து நீ ஒரு மனிதனைச் சுட்டால் அதைத் தாங்கமாட்டேன்.

என்றும் உன்
ஆனந்தராசா


தகனினி
14 ஏப்ரல் 2025

ஆனந்தா,

எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் இருக்கும். தடித்த பேனையால் மூன்று நாளாக எழுதுகிறேன்.

நீ வைத்த கெடு முடிந்த மறுநாள், சனிக்கிழமை, மலைக்குப் போனோம். நன்றாக விடிந்திருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் பற்றைக்குள் ஏதோ அசைந்தது. ஸ்கோப்பை வைத்தேன். மண்ணிறமாக ஒரு முதுகு. தலை இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் புகை. அதற்குள் கொம்பு இருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். துவக்கின் பாதுகாப்புப் பூட்டை விலக்கி விசையில் விரலையும் வைத்துவிட்டேன். அப்போது அங்கேயிருந்து குரல் கேட்டது.

"அத்தான், இஞ்சாலை தடம் கிடக்கு. வாங்கோ."

வசீகரன் எனக்குப் பின்னால் வருகிறான் என்றே நினைத்திருந்தேன். தலையில் ஆரஞ்சுத் தொப்பி போட்டிருந்தான், ஆனந்தா. அரைக் கிலோமீற்றருக்கு அப்பாலும் தெரிகிற நிறம்.

துவக்கிலிருந்த ரவைகளைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். நெஞ்சு நோகிறது என்று பொய் சொல்லி, அவனையே காரை ஓட்டச் சொல்லி வீட்டுக்கு வந்தேன். புதன்கிழமை துவக்கைப் பொலிசில் நானே ஒப்படைக்க இருந்தேன். செவ்வாய் காலை இரண்டு பொலிஸ்காரர் வாசலில் நின்றார்கள். அயலவர்கள் பார்த்துக்கொண்டிருக்க எடுத்துக்கொண்டு போனார்கள். நானாகக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு நாள் எனக்குக் கிடைக்கவில்லை. உன்னில் பிழையில்லை. சொல்லிவிட்டுத்தான் செய்தாய்.

வலக்கண் இனி மீளாது என்கிறார் டொக்டர். இடக்கண்ணிலும் தொடங்கிவிட்டது. மாதாமாதம் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். கார் ஓட்டக் கூடாது. வேலைக்கும் இனிப் போக ஏலாது.

நேற்று வசீகரன் சாப்பிட வந்தான். அவனுடைய மகள் மஹதி வந்ததும் வராததுமாக என் மடியில் ஏறிக்கொண்டாள். என் சோற்றை அவளுக்கே ஊட்டிவிட்டேன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. ரதிக்கும் தெரியாது. ஒருவருக்காவது சொல்லாமல் இருக்க ஏலவில்லை, அதனால் உனக்கு எழுதினேன்.

இதற்குப் பதில் எழுதாதே. உன் கையெழுத்தை இனி என்னால் வாசிக்க முடியாது. எனக்கு வரும் கடிதங்களை ரதிதான் உரக்க வாசிக்கிறாள்.

உன் தியாகு